கை வெறுமையாக நின்றவன்

மேசைக்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டு அதில் ஒரு வாசகரை உட்கார வைத்த உடனேயே உங்கள் தொழில் மாறிவிடுகிறது. அதுவரை நீங்கள் சித்திரக்கதை வரைபவர். அதற்குப் பிறகு பாதி வைத்தியர், பாதி சாத்திரக்காரர், மிச்சத்துக்குக் கோமாளி. இதை யாரும் உங்களுக்குச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

போன வாரம் நீங்கள் நாலைந்து பேர் என் வீட்டுப் படியேறி வந்தீர்கள். கண்டியில் சித்திரக்கதைக்கென்றே ஒரு விழா எடுக்கப் போகிறோம், மண்டபம் பிடித்துவிட்டோம், ஆளுக்கொரு மேசை போட்டு வாசகர்களுக்கு அங்கேயே வரைந்து கொடுக்கப் போகிறோம் என்றீர்கள். என்ன பேனை நல்லது, எந்தக் கடதாசி நல்லது என்று கேட்டீர்கள். அதெல்லாம் என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும். தப்பாகப் போட்ட கோட்டை ஒரு தட்டுத் தட்டி இல்லாமல் செய்கிற வசதியும் உங்களுக்கு இருக்கிறது. எனக்கு அது கடைசிவரை வாய்க்கவில்லை. எனவே பேனையை விட்டுவிட்டு அந்தக் கதிரையைப் பற்றி எழுதுகிறேன்.

எங்கள் காலத்தில் சித்திரக்கதைக்கென்று விழா ஏது? பாடசாலைக் கார்னிவல், கோயில் திருவிழாவில் கடைவரிசை, கூட்டுறவுச் சங்கக் கண்காட்சி, பௌத்தர்களின் வெசாக் பந்தலுக்குப் பக்கத்தில் ஒரு மூலை, எங்கே கூட்டமோ அங்கே போய் உட்காருவோம். நான் கண்டி டவுனில் பிறந்து வளர்ந்த தமிழன். ஆனால் என் பிழைப்பு ஒரு சிங்களச் சித்திரக்கதை வாரப் பத்திரிகையில். மலைப்பாதையில் லொறி ஓட்டும் ஒருவனின் கதையை வாரம் ஒரு பக்கமாகப் பல வருடம் வரைந்தேன். ஆசிரியர் எனக்கு ஒரு சிங்களப் புனைபெயர் வைத்தார். ஒளிப்பதற்காக அல்ல, என் சொந்தப் பெயர் நீளமாம், கடைசிக் கட்டத்தின் மூலைக்குள் அடங்காதாம். பெயர் சிங்களம், பேச்சும் எனக்குத் தடங்கலில்லாத கண்டிச் சிங்களம். ஆகவே வாசகர்கள் என்னை அவர்களில் ஒருவன் என்றே நினைத்தார்கள். நானும் திருத்தவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

கார்னிவல் மேசையில் என்னிடம் ஒரு வித்தை இருந்தது. கதிரையில் வந்து உட்காருபவரின் முகத்தை உற்றுப் பார்த்தபடியே வரைவேன். வரைந்து முடிக்கும்போது, நீங்கள் தையல்காரர்தானே, நீங்கள் வாத்தியார்தானே என்று அவர் தொழிலைச் சொல்லிவிடுவேன். கூட்டம் ஆவென்று பார்க்கும். முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டான் என்று கைதட்டுவார்கள். உண்மையில் தொழிலை நான் முகத்தில் தேடுவதே இல்லை. தையல்காரருக்குச் சட்டையில் எங்காவது ஒரு நூல் ஒட்டியிருக்கும். வாத்தியாருக்கு மணிக்கட்டில் சோக்குத்தூள். தேயிலைக் கொழுந்து எடுப்பவர்களின் விரலில் கறை, பஸ் கொண்டக்டர் உட்காரும்போதே ஒரு காலை அகட்டி ஊன்றிக் கொள்வார். எல்லாம் கையிலும் காலிலும் இருக்கும். ஆனால் முகம் என்று சொன்னால்தான் சனத்துக்குப் பிடிக்கிறது. நானும் முகம் என்றே சொல்லி வைத்தேன்.

சறுக்கியதும் உண்டு. கலஹாவில் கோயில் திருவிழாவின்போது பெரிய மீசையோடு ஒருவர் வந்து நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார். பார்த்த மாத்திரத்தில் பொலிஸ் சார்ஜன் என்றேன். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஆள் தோட்டத்துக்குப் பின்னால் கசிப்பு, அதாவது கள்ளச்சாராயம், காய்ச்சுபவராம். பொலிசைப் பார்த்துப் பார்த்தே அந்தக் களை வந்திருக்கும் என்று நான் சமாளிக்க, அவரே முதலில் சிரித்து, படத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அதெல்லாம் நல்ல நாட்கள்.

இன்னொரு முறை பேராதனைப் பக்கத்துக் கார்னிவலில், கூட்டத்திலிருந்து ஒருவர், தொழிலைச் சொல்வது இருக்கட்டும், இந்த ஆள் சிங்களமா தமிழா சொல்லுங்கள் பார்ப்போம் என்றார். அதற்குத்தான் அடையாள அட்டை இருக்கிறதே, நான் எதற்கு என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு மறந்துவிட்டேன். அப்படி ஒரு கேள்வி இருக்கிறது, அதற்கான விடை என்னிடம் இருப்பதாகவும் சிலர் நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இந்த இடத்தில் என் ஆசிரியரைப் பற்றிச் சொல்லவேண்டும். பத்திரிகை கொழும்பில் அச்சானாலும் அவர் கண்டிக்காரர். சனிக்கிழமைகளில் ஊருக்கு வருவார். மார்க்கெட்டுக்குப் பக்கத்திலிருந்த ஒரு தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து என் பக்கங்களைப் பார்ப்பார். பாராட்டு என்பதை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. ஒரு வாரம் லொறிக்காரனை ஒரு கும்பல் வழிமறிக்கும் கட்டம் வந்தது. நான் பாடுபட்டு ஒரு கூட்டத்தையே வரைந்திருந்தேன். எல்லோர் கையிலும் தடி, எல்லோர் வாயும் திறந்திருக்கிறது. அவர் பக்கத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். இது கூட்டமில்லை, ஒரே ஆளைப் பலமுறை போட்டிருக்கிறாய் என்றார்.

பிறகு அவர் சொன்னது இது. எந்தக் கும்பலிலும் ஒருவன், கூட்டாளி கூப்பிட்டான் என்பதற்காக வந்திருப்பான். அவன் கையில் ஒன்றும் இருக்காது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நிற்பான். அவனைக் கண்டுபிடித்துப் போடு, மற்றவர்கள் தன்னால் உயிர் பெறுவார்கள். நான் முணுமுணுத்துக்கொண்டே திருத்தினேன். கட்டம் நன்றாக வந்தது என்று எனக்கே தெரிந்தது. அன்றிலிருந்து எந்தக் கூட்டத்தைக் கண்டாலும் என் கண் முதலில் அந்தக் கை வெறுமையாக நிற்பவனைத் தேடும். இந்தப் பழக்கம் கடதாசிக்கு வெளியே ஒருநாள் தேவைப்படும் என்று அவரும் நினைத்திருக்க மாட்டார்.

தமிழருக்கு எதிரான கலவரம் நடந்த அந்த வருடம் ஹுன்னஸ்கிரியவில் ஒரு பாடசாலை மைதானத்தில் கண்காட்சி. நானும் ஒரு மூலையில் மேசை போட்டிருந்தேன். இரண்டாம் நாள் பகல், கொழும்பில் ஏதோ நடக்கிறதாம் என்று ஆளாளுக்குக் காதைக் கடித்தார்கள். பந்தல்களைக் கழற்றத் தொடங்கினார்கள். நானும் கடதாசிகளைச் சுருட்டிக்கொண்டு கண்டி பஸ்ஸில் ஏறினேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் ஒரு கந்தோரில் பிரதம கிளார்க். கந்தோர்ப் பந்தலுக்குப் பொறுப்பாக வந்திருந்தார். கண்காட்சியிலேயே என்னோடு பேச்சுக் கொடுத்து நான் தமிழன் என்று அறிந்துகொண்டவர். பெயர் எதற்கு, ஐயா என்றே சொல்கிறேன்.

மனிதர் பயத்தைப் பேச்சால் மறைக்கிற சாதி. வழியெல்லாம் என் லொறிக்காரனைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தார். அந்த வாரப் பக்கத்தில் பிரேக் பிடிக்காத லொறி ஒரு வளைவில் பாதி வெளியே போய், பள்ளத்துக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. அவருடைய மகள் சிங்களக் கூட்டாளிகளிடம் இரவல் வாங்கி வாசிக்கிறவளாம்.

"தம்பி, லொறி விழாதுதானே? கேட்டுக்கொண்டு வாறன் எண்டு மகளுக்குச் சொல்லிப்போட்டு வந்தனான்" என்றார்.

"விழாதுங்க ஐயா. ஆனா லொறி இன்னும் ரெண்டு கிழமைக்குத் தொங்கும்" என்றேன்.

அந்த நேரம் பஸ் நின்றது. தெரு நடுவே ஒரு டயர் எரிந்தது. ஒரு கும்பல். தடி, இரும்புக் கம்பி, ஒருவன் கையில் மண்வெட்டிப் பிடி. எங்கள் சன்னலுக்கு நேர் கீழே ஓர் இளைஞன் நின்றான். இருபது வயது மதிக்கலாம், காதோரத்தில் கோதுமை மா அப்பியிருந்தது. அண்ணாந்து எங்களைப் பார்த்துவிட்டு மலைப் பக்கம் திரும்பிக்கொண்டான். நாங்கள் வாயை மூடிக்கொண்டோம். ஐயா கைக்குட்டையால் நெற்றித் திருநீற்றைத் துடைத்தார். துடைத்த இடம் மற்ற இடத்தைவிட வெளிறித் தெரிந்தது.

எல்லோரையும் இறக்கி மதகின் ஓரமாக வரிசையில் நிறுத்தினார்கள். இறங்கும்போது ஐயா என் காதுக்குள், "தம்பி, எனக்குச் சிங்களம் விளங்கும், வாயில வராது" என்றார். அவருக்கு என்ன நடக்கப் போகிறது என்பது எனக்கு விளங்கிவிட்டது. வரிசையின் முன்னாலிருந்து ஒவ்வொருவராகப் பேசச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். அவர் வாயைத் திறந்தால் முதல் சொல்லிலேயே பிடிபடுவார். எங்களுக்கு எதிர் சீட்டில் கைக்குழந்தையோடு இருந்த சிங்களப் பெண் நாங்கள் தமிழில் பேசியதைக் கேட்டிருந்தாள். அவள் குழந்தையின் தொப்பியைச் சரி செய்துகொண்டு நின்றாளே தவிர, எங்கள் பக்கம் திரும்பவில்லை.

அப்போதுதான் கும்பலின் தலைவன் என்னைக் கண்டான். கண்டவன் முகமெல்லாம் சிரிப்பாக, சித்திர மாத்தயா என்று சிங்களத்தில் மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டு ஓடி வந்தான். எனக்கும் ஆளைத் தெரிந்தது. அதற்கு முந்தின வருடம் தெல்தெனியப் பக்கத்துக் கார்னிவலில் என் கதிரையில் உட்கார்ந்தவன். முன்கையில் குறுக்குக் குறுக்காகத் தழும்புகள் இருந்ததைப் பார்த்து, பாண் சுடும் பேக்கரிப் போறணையில் வேலை என்று சொல்லிக் கைதட்டு வாங்கியிருந்தேன். அந்தப் படத்தைப் போறணைக்கு மேலே மாட்டி வைத்திருக்கிறானாம். மற்றவர்களைக் கூப்பிட்டு என்னைக் காட்டினான். தடியோடு நின்ற அத்தனை பேரும் என்னைச் சூழ்ந்துகொண்டு கேட்ட முதல் கேள்வி, லொறி விழுமா என்பதுதான்.

சிரிப்பு வருகிறதா? எனக்கும் அந்தக் கணத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. இன்னும் வரையவில்லை, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் வரைய வேண்டும் என்றேன். அது முழு உண்மை.

சரி, மாத்தயா சீக்கிரம் போகவேண்டும், அதற்கு ஒரு உதவி செய்யுங்கள் என்றான் போறணைக்காரன். ஒவ்வொருத்தராகப் பேச வைத்துப் பார்ப்பதற்குள் பொழுது போய்விடும். நீங்கள்தான் முகத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவீர்களே. இந்த வரிசையில் தமிழர் யார் என்று காட்டிவிடுங்கள், மற்ற எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றி விடுகிறோம்.

அவன் அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. எனக்கு மரியாதை செய்கிறோம் என்ற நினைப்பில்தான் சொன்னான். நான் யாரும் இல்லை என்று சொன்னால், பேசச் சொல்லும் சோதனை மறுபடி தொடங்கும், ஐயா மாட்டுவார். மாட்டேன் என்றால், ஏன் மாட்டேன் என்கிறான் என்று என் பக்கம் திரும்புவார்கள். எனக்கிருந்த ஒரே வழி அந்த வித்தையையே உடைப்பதுதான். அதையும் அவர்கள் கண் முன்னாலேயே உடைக்கவேண்டும், நான் சொல்லி நம்ப மாட்டார்கள்.

நான் வரிசையைப் பார்க்கவில்லை. கும்பலைப் பார்த்தேன். பழக்க தோஷத்தில் என் கண் கைகளைத் தேடியது. தடி, கம்பி, பிடி, கல். சன்னலுக்குக் கீழே நின்ற அந்த இளைஞன் மட்டும் இரண்டு கையையும் தொங்கப் போட்டுக்கொண்டு பின்னால் நின்றான். விரலை நீட்டி அவனைக் காட்டினேன்.

"அவர்தான் தமிழ்" என்றேன் சிங்களத்தில்.

 போறணைக்காரன் பெரிதாகச் சிரித்தான். அவன் எங்கள் பேக்கரிப் பொடியன், மாத்தயா என்றான். நான் விடவில்லை. மூக்கைப் பாருங்கள், நெற்றியைப் பாருங்கள், எத்தனை பேரை வரைந்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா என்றேன். கம்பி வைத்திருந்த ஒருவன், எனக்கும் எப்போதும் ஒரு சந்தேகம்தான் என்று கிண்டலாகச் சொன்னான். இன்னொருவன் அதைக் கிண்டலாக எடுக்கவில்லை. பொடியனைச் சுற்றி வளைத்தார்கள். அம்மா மேல் சத்தியம் செய்தான். போதாது, காதா சொல்லு என்றார்கள், புத்தரைத் தொழும் பாலி வரிகளை. சின்ன வயதிலிருந்து தினமும் சொல்லி வந்ததுதான். இரண்டாவது வரியில் நாக்குக் குழறி நின்றுவிட்டான். கம்பிக்காரன் இப்போது சிரிக்கவில்லை, ஓரடி முன்னால் வந்தான்.

நான் அப்படி எதிர்பார்க்கவில்லை. சிரிப்பார்கள், வித்தை பொய் என்று தெரியும், முடிந்துவிடும் என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன். நல்ல வேளை, போறணைக்காரன் குறுக்கே பாய்ந்தான். இவன் அம்மா எனக்கு அக்கா முறை, பிறந்த நாளிலிருந்து தெரியும், கையை வைத்தால் பார் என்று கத்தினான். அவன் கத்தி ஓய்ந்த இடைவெளியில் நான் உள்ளே புகுந்தேன்.

"பாத்தீங்களா? உங்க சொந்தப் பொடியனையே தப்பாச் சொல்லிட்டேன். முகத்தில ஒண்ணும் எழுதியிருக்காது. உங்கள போறணைக்காரர்னு சொன்னது அந்தத் தழும்பப் பாத்துத்தான்" என்றேன்.

அவன் தன் முன்கையைப் பார்த்தான். ஏமாந்துபோன கோபமும் வெட்கமும் ஒன்றாக அவன் முகத்தில் வந்தன. ஒரு வருடமாகப் போறணைக்கு மேல் மாட்டி வைத்திருந்த படத்தின் மவுசு அந்த நிமிடத்தில் போய்விட்டது. சொந்தப் பொடியன் மேலேயே கை வைக்கப் போனவர்களை வைத்து மறுபடி ஒரு சோதனை நடத்த அவனுக்கு மனம் வரவில்லை. போங்கள், எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போங்கள் என்று பஸ்ஸைத் தட்டினான். டயரை ஒருவன் காலால் உதைத்து ஒதுக்கினான்.

 கண்டிக்கு வரும்வரை ஐயா என் கடதாசிச் சுருளைக் கேட்டு வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பஸ் டவுனுக்குள் நுழைந்ததும் என் பக்கம் திரும்பினார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"அந்தப் பெடியன்ர முகத்தைப் பாத்தனீரோ, தம்பி? எனக்கு வரவேண்டிய பயம் எல்லாம் அவனுக்கு வந்திட்டுது" என்றார்.

 பார்த்திருந்தேன். ஊரடங்குச் சட்டத்துக்குள் அடைபட்டுக் கிடந்த அந்த வாரம் லொறிப் பக்கத்தை வரைந்தபோது, பள்ளத்தின் பக்கமாக எட்டிப் பார்க்கும் டிரைவரின் முகத்துக்கு அந்த முகம்தான் வந்தது. ஆசிரியர் ஊரடங்கு தளர்த்திய நேரம் பார்த்துப் பக்கத்தை வாங்க நடந்தே வந்தார். நடந்ததைச் சொன்னேன். ஆளைக் காப்பாற்றிவிட்டாய், பொடியன் என்ன ஆனான் என்று விசாரித்தாயா என்று மட்டும் கேட்டார். எங்கே போய் விசாரிப்பது? அந்தப் பாதையில் பஸ் ஏறவே எனக்கு அதற்குப் பிறகு பல வருடம் மனம் வரவில்லை.

வித்தையை அன்றோடு விட்டேன். யார் உட்கார்ந்தாலும் வரைந்து கொடுப்பேன், எதையும் சொல்ல மாட்டேன். கேட்டவர்களிடம் கண் மங்கிவிட்டது என்று சமாளித்தேன். பிறகு யுத்த வருடங்கள். கண்டியில் ஒரு கண்காட்சிக்குப் போவதென்றாலும் வாசலில் பையைக் கொட்டிக் காட்டவேண்டும். ஒருமுறை மைப்போத்தலைத் திறந்து முகர்ந்து பார்த்தார்கள், அன்று முழுக்க அந்தக் காவலரின் மூக்கு நுனி கறுப்பாக இருந்தது. அவருக்கு யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லத் துணியவில்லை.

அப்படி ஒரு கண்காட்சியில்தான் அவர் வந்து உட்கார்ந்தார். நடுத்தர வயது, முன்பக்கம் வழுக்கை ஏறியிருந்தது. வலது கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டபடியே உட்கார்ந்தார். மகள் பழைய லொறிக் கதைகளை இப்போது புத்தகமாக வாசிக்கிறாள், அவளுக்கு ஒரு படம் வேண்டும் என்றார். நான் பென்சிலை எடுத்தேன். தொழிலைச் சொல்ல மாட்டீர்களா மாத்தயா என்று கேட்டார். அதை விட்டு வருடக் கணக்காகிறது என்றேன். நல்லது என்றார். அந்த ஒரு சொல்லில் எனக்கு அன்று சன்னலுக்குக் கீழே நின்ற பொடியனின் காதோரத்து மா ஞாபகம் வந்துவிட்டது.

பென்சில் நின்றது. அவர் சாவகாசமாகச் சொல்லிக்கொண்டு போனார், என்மேல் வருத்தமே இல்லாதவர் மாதிரி. அன்றிலிருந்து பேக்கரியில் அவருக்குப் பட்டப்பெயர் 'தெமளா', தமிழன். முதலில் விளையாட்டுக்கு. பிறகு பாண் வாங்க வரும் பிள்ளைகளும் அப்படியே கூப்பிட்டார்களாம். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட யாரோ சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். ஒரு நாள் போய் ஆமியில் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு ஊரில் ஒருவரும் அப்படிக் கூப்பிடவில்லை. பேசிக்கொண்டே கையைப் பையிலிருந்து எடுத்து மடியில் வைத்தார். மணிக்கட்டோடு முடிந்திருந்தது. வடக்கில் போனது என்றார்.

 நான் ஒரு கோடு போட்டேன், அது இவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது. ஐயா உயிரோடு ஓய்வு பெற்று, பேரப்பிள்ளை கண்டு, போய்ச் சேர்ந்துவிட்டார். அதை நினைத்து நான் மார்தட்டிக்கொண்ட நாட்களும் உண்டு. அந்தக் கணத்தில் மறுபடி நின்றாலும் நான் விரலை நீட்டத்தான் செய்வேன். ஆனால் அது யார் தலையில் விழுந்தது என்பதை இப்போது என் எதிரே உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நீங்கள் என்னிடம் பாடம் கேட்டால், நான் தரக்கூடியது இந்தக் குழப்பம்தான். சரியான முடிவுக்கும் ஒருவர் விலை கொடுக்கிறார், அவர் பெரும்பாலும் நீங்களாக இருப்பதில்லை.

அவர் என்னிடம், அத்தனை பேரில் ஏன் என்னைக் காட்டினீர்கள் என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன், உங்கள் கையில் ஒன்றும் இருக்கவில்லை, நீங்கள் திருப்பி அடிக்க மாட்டீர்கள் என்று தோன்றியது என்று. தலையை ஆட்டிக்கொண்டார். இத்தனை சொன்னவரிடம் மிச்சத்தையும் மறைப்பது அசிங்கமாக இருந்தது.

"இன்னொண்ணும் சொல்லணும். நான் தமிழன்" என்றேன்.

"தெரியும் மாத்தயா. அன்னைக்கே தெரியும்" என்றார்.

பஸ் நின்றபோது சன்னலுக்குக் கீழே நின்றவர் அவர்தானே. ஐயாவும் நானும் பேசியது அவர் காதில் விழுந்திருக்கிறது. அவரைச் சுற்றி வளைத்து, சத்தியம் கேட்டு, காதா கேட்டு, நாக்குக் குழறி நின்றபோதும், அதோ நிற்கிறார்களே அவர்கள் இரண்டு பேரும்தான் தமிழர் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், அவர் தப்பியிருப்பார். அவர் சொல்லவில்லை. எங்கள் இரண்டு உயிரும் அவர் வாய்க்குள் இருந்திருக்கிறது. இவ்வளவு காலமும் நான்தான் காப்பாற்றினேன் என்று நினைத்திருந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார், இருபது வயதுப் பொடியன் மாதிரி.

"எனக்குத் தமிழ் விளங்காது. ஆனா நீங்க ரெண்டு பேரும் லொறின்னு சொன்னது விளங்கிச்சு. அது விழுமா இல்லையான்னு நானும்தானே காத்துக்கிட்டு இருந்தேன். உங்களக் காட்டிக் குடுத்திருந்தா அதுக்குப் பிறகு யாரு வரையிறது?" என்றார்.

பின்னால் நின்ற வரிசை பொறுமையிழந்து முணுமுணுத்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த வளைவை வரைந்தேன். பள்ளம், தொங்கும் லொறி, டிரைவர் இருக்கையில் அவர். ஸ்டியரிங் வரைக்கும் வந்த பிறகு கையை எப்படிப் போடட்டும் என்று அவரிடமே கேட்டேன். என் கதிரையில் உட்கார்ந்த ஒருவரிடம் நான் அப்படி ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. இருக்கிற மாதிரியே போடுங்கள் என்றார். போட்டேன். படத்தை வாங்கி இடது கையால் தூரப் பிடித்துப் பார்த்தார்.

"இந்த வளைவுக்கு ஒரு கை போதும், மாத்தயா" என்றார்.